பழைய கேரவன் வேனுக்கு எந்தத் தரை? டெல்டா ஈரத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

எனக்குத் தெரிந்து கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்தில் நான்கைந்து குடும்பங்கள் பழைய டெம்போ டிராவலரை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கையும் சிறிய சமையல் மேடையும் வைத்துக் கேரவனாக ஓட்டுகின்றன. நவக்கிரகக் கோயில்களைச் சுற்றிவரவும், வேளாங்கண்ணிக்கும் கோடியக்கரைக்கும் போய்த் தங்கவும், வயதான பெற்றோரைப் படுக்கவைத்து அழைத்துப் போகவும் இதைப் போன்ற வசதி வேறில்லை. மழைக்காலம் முடிந்ததும் இவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. தரை விரிப்பு போய்விட்டது, வினைல் போடலாமா, ரப்பர் போடலாமா, வீட்டுக்குப் போடுகிற மரப்பலகை மாதிரித் தரையைப் போடலாமா?

என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. என் வண்டியின் தரையை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். 2009ஆம் ஆண்டு வண்டி. வாங்கிய புதிதில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பழைய விரிப்பை எடுக்காமல் அதன் மேலேயே மரக்கோடு போட்ட புது விரிப்பைப் பசை தடவி ஒட்டித் தந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது ஐப்பசியில், மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் கடைமுக முழுக்குக்குப் போய்வந்த வாரம், வண்டிக் கதவைத் திறந்தால் நனைந்த சாக்கு நாற்றம். வாசற்படி ஓரத்தில் விரிப்பைக் கத்தியால் கீறித் தூக்கினேன். அடிப்பக்கம் கறுத்து, நத்தை ஊர்ந்த தடம்போல் பிசுபிசுத்தது. விரிப்புக்கு அடியில் தரையாக இருந்த பிளைவுட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். வெந்த சேப்பங்கிழங்கில் இறங்குவதுபோல் இறங்கி, கீழே இருந்த இரும்புத் தகட்டில் போய் முட்டியது. அந்தத் தகட்டிலும் துரு செதில் செதிலாக உரிந்து வந்தது. அம்மாவின் படுக்கையைத் தாங்கும் கால் அங்கிருந்து ஓர் அடி தள்ளித்தான் நின்றது.

கூரை ஒழுகவில்லை. ஏறி இறங்கிய ஈரக்கால்கள், பிழிந்த துணி வைத்த வாளி, கதவின் கீழ்ச் சட்டத்தில் தேங்கிய தண்ணீர், இவை போதுமாயிருந்தன. இரண்டு விரிப்புகளுக்கு இடையே மாட்டிக்கொண்ட ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. அன்றிலிருந்து நான் எந்தத் தரையைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்: ஒரு சாயங்காலத்துக்குள் இதைத் தூக்கிப் பார்த்து, காயவைத்து, மறுபடி போட்டுவிட முடியுமா?

## எதை வைத்து எடைபோடுவது

ஈரம். மேலே சொன்னதுதான் முதல் அளவுகோல். டெல்டாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மூன்று மாதத்தில் ஒருமுறை உள்ளே போன தண்ணீர் தானாகக் காய்வதற்குக் காற்றில் இடமிருக்காது. விரிப்பு தண்ணீரைத் தாங்குவதோடு, அடியில் இறங்கியதை நாம் கண்டுபிடிக்கவும் இடம் தர வேண்டும்.

கால். நாம் செருப்பை வாசற்படியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே வருகிறவர்கள். அதனால் தரையின் சொரசொரப்பு, சூடு, பிசுபிசுப்பு எல்லாம் நேரே பாதத்தில் தெரியும். இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொன்றும் உண்டு. திருநள்ளாற்றில் நல்லெண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் குளித்துவிட்டு வருகிறவர்களின் காலில் எண்ணெய் முழுவதும் போயிருக்காது. ஈரமும் எண்ணெயும் சேர்ந்த பாதம் வழவழப்பான தரையில் என்ன செய்யும் என்று முழங்கால் வலியுள்ள பெரியவர்களை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெயில். கத்திரி வெயிலில் கோயில் வாசலில் நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனால் வண்டிக்குள் அடுப்புதான். பிளாஸ்டிக் எதுவானாலும் சூட்டில் நீளும், இரவில் சுருங்கும். பசையும் இளகும்.

எடையும் தடிமனும். சராசரி வண்டியில் மூடவேண்டிய தரை சுமார் 65 சதுர அடி, அதாவது 6 சதுர மீட்டர். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கூடும் ஒரு கிலோ, மொத்தத்தில் 6 கிலோ. தடிமன் கூடினால் அலமாரிக் கதவு தரையில் உரசும், கதவுச் சட்டத்தோடு மட்டம் மாறும்.

விலையைக் கடைசியில் வைத்திருக்கிறேன். சதுர அடிக்கு இவ்வளவு என்று கடைக்காரர் சொல்வது விரிப்பின் விலை மட்டுமே. அதற்குக் கீழே ஆகும் செலவுதான் பெரிது. அதைப் பிறகு பார்ப்போம்.

## பஸ் வினைல்

வீட்டுக்கு வரும் வினைல் வேறு, பஸ் தரைக்கு வரும் வினைல் வேறு. வீட்டு வினைல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, மேலே பூவோ மரக்கோடோ அச்சடித்ததாக இருக்கும். வண்டியில் மணல் ஒட்டிய கால் படப்பட, அந்த அச்சு வாசற்படி அருகில்தான் முதலில் அழியும். பஸ்ஸுக்கு வருவது 2 மில்லிமீட்டர் கனம். கால் வழுக்காமலிருக்கக் கடினமான பொடித்துகள்களைக் கலந்தே செய்திருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மின்னும். கையை வைத்துத் தேய்த்தால் மெல்லிய உப்புத்தாள் மாதிரி இருக்கும். வாங்கும்போது அதை ஈரக்கையால் தேய்த்துப் பாருங்கள்.

இதன் பெரிய பலம் அகலம். ரோல் பொதுவாக 2 மீட்டர் அகலத்தில் வருகிறது. வண்டியின் உள் அகலம் அதைவிடக் குறைவு. ஆக முன்னிருந்து பின்வரை இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாகப் போட்டுவிடலாம். இணைப்பு இல்லாத தரையில் தண்ணீர் நுழைய ஓரங்கள் மட்டுமே மிச்சம்.

நான் போட்ட முறை இது. பழைய செய்தித்தாள்களைச் செலோடேப்பால் ஒட்டி, சக்கர மேடு, படுக்கைக் கால், சமையல் மேடை எல்லாவற்றையும் சுற்றி வெட்டி, முழுத் தரைக்கும் ஒரு காகித அச்சு செய்தேன். வினைலை நிழலில் ஒரு நாள் விரித்துப் போட்டு, சுருட்டிய வளைவு போனபின் அந்த அச்சை மேலே வைத்து வெட்டினேன். சுவரோரம் நான்கு மில்லிமீட்டர் இடம் விட்டேன். வெயிலில் நீளும்போது அது வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் உப்பும். அந்த இடைவெளியை மறைத்தபடி, வினைலை லேசாக அமுக்கும் அலுமினிய பீடிங்கை ஸ்க்ரூ வைத்துப் பொருத்தினேன். பசை, வாசற்படிக்கு அருகில் ஓர் அடிக்கு மட்டும். மற்ற இடத்தில் விரிப்பு வெறுமனே கிடக்கிறது. பீடிங்கின் பன்னிரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் வாழை இலையைச் சுருட்டுவதுபோல் பின்னிருந்து முன்னே சுருட்டிவிடலாம். தை மாதம் ஒருமுறை அப்படித்தான் சுருட்டிப் பார்க்கிறேன்.

பட்டறையில் கொடுத்தால் முழுத் தரைக்கும் ரப்பர் பசை தடவித்தான் ஒட்டுவார்கள். பயணிகள் ஏறி இறங்கும் வாடகை வண்டிக்கு அது சரி. நாளெல்லாம் நூறு கால் மிதிக்கும் இடத்தில் விரிப்பு நகரக் கூடாது. ஐந்து பேர் பயன்படுத்தும் குடும்ப வண்டிக்கு அது தேவையில்லை, ஈரத்தைக் காணவிடாமல் மூடிவிடும் என்பது என் அனுபவம்.

குறை இல்லாமல் இல்லை. வினைல் சூடேறும். மதியம் ஏறும்போது உள்ளங்காலைச் சுடும். சமையல் மேடையிலிருந்து சூடான தோசைக்கல் விழுந்தால் தழும்பு நிரந்தரம். மீந்த ஒரு முழத்தைப் படுக்கைக்கு அடியில் சுருட்டி வைத்துக்கொண்டால், அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப்போடலாம்.

## ரப்பர் விரிப்பு

பழைய டீசல் வண்டியின் இரைச்சல் தாங்கவில்லை என்பவர்களுக்கு ரப்பர் ஒரு வரம். 3 மில்லிமீட்டர் கனமான ரப்பர், இரும்புத் தகடு அதிரும் ஓசையை நன்றாகவே அமுக்கும். கால் வழுக்காது. வெட்டிப் போடுவது எளிது, பசையே வேண்டாம், தன் எடையிலேயே படுத்துக்கிடக்கும். தூக்கிப் பார்ப்பதும் எளிது.

ஆனால் எண்ணெய்க்கும் சாதாரண ரப்பருக்கும் ஆகாது. நல்லெண்ணெயோ, சமையல் எண்ணெயோ, டீசலோ தொடர்ந்து பட்டால் ரப்பர் உப்பி, மெத்தென்று ஆகி, பிறகு வெடிக்கும். சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு போய்வருவதும், விளக்கெண்ணெய்க் குப்பியை வண்டியிலேயே வைத்திருப்பதும் வழக்கமானால் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும். வெயிலில் மூடிய வண்டிக்குள் புது ரப்பரின் வாசம் முதல் சில வாரங்களுக்கு நெடியாக இருக்கும். மூச்சிரைப்பு உள்ளவர் படுக்கும் வண்டி என்றால் வாங்கியதும் வீட்டு மாடியில் சில நாட்கள் விரித்துவைத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

பொத்தான் பொத்தானாக மேடிட்ட ரகத்தை எடுக்காதீர்கள். வேளாங்கண்ணிக் கடற்கரை மணல் ஒவ்வொரு பொத்தானையும் சுற்றி உட்கார்ந்துகொள்ளும், துடைப்பத்துக்கு வராது. நீளவாட்டில் கோடு ஓடும் ரகமானால் பெருக்கினால் வாசலுக்கு நேரே வந்து சேரும்.

வினைல் போட்டு அதன் மேல் ரப்பர் மிதியடி போடுகிற பழக்கமும் பலருக்கு உண்டு. ரப்பரில் உள்ள ரசாயனம் வினைலில் இறங்கி மஞ்சளும் பழுப்புமாகக் கறை பிடிக்கும். எதைக் கொண்டு தேய்த்தாலும் போகாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

## கிளிக் பலகை

கல்பொடியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த, எஸ்பிசி என்று கடைகளில் சொல்கிற பலகைகள் இவை. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், தேக்கு மாதிரித் தெரியும். கேட்கிறவர்களில் பாதிப்பேரின் மனம் இதில்தான் இருக்கிறது. கடைக்காரர் பலகையை வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் காட்டுவார். பலகை உண்மையிலேயே ஊறாது.

ஊறப்போவது அதற்கு அடியில் உள்ள பிளைவுட். பத்துப் பலகை போட்டால் ஒன்பது நெடுங்கோடு, அதற்கு மேல் குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு கோடும் தண்ணீர் இறங்கக்கூடிய ஒரு வழி. வீட்டுத் தரை அசையாது. வண்டியின் தரையோ திருவாரூர் சாலையில் ஒவ்வொரு பள்ளத்திலும் முறுகும். அந்த முறுக்கம் பலகைகளின் மெல்லிய பூட்டு நாக்குகளை நாளடைவில் உடைத்துவிடும். இன்னொன்று, இந்தத் தரை எதோடும் ஒட்டாமல் மிதந்து கிடந்தால்தான் சூட்டுக்கு நீண்டு சுருங்க முடியும். வண்டியில் படுக்கைக் காலையும் சமையல் மேடையையும் அதன் மேல் வைத்து ஸ்க்ரூ அடித்துவிட்டால் மிதப்பதற்கு இடமேது? அடியில் பார்க்க வேண்டுமானால் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வர வேண்டும், அரை நாள் வேலை.

எடையும் குறைவில்லை. 4 மில்லிமீட்டர் பலகை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ, மொத்தம் 48 கிலோ வரும். ஒரு ஆள் கூடுதலாக எப்போதும் ஏறியிருப்பதற்குச் சமம்.

இது பொருந்துகிற வண்டி ஒன்று உண்டு. தோப்பிலோ வீட்டுப் பின்கட்டிலோ கூரைக்கு அடியில் நிரந்தரமாக நிறுத்தி, விருந்தினர் அறையாகப் பயன்படுத்தும் வண்டி. ஓடாது, முறுகாது, நனைந்த கால்கள் குறைவு. அங்கே இந்த அழகுக்கு மதிப்பு இருக்கிறது.

## கார்பெட்

காலுக்கு இதம், எடை குறைவு, இரைச்சலும் அடங்கும். டெல்டா மழைக்கு வேண்டாம். ஒருமுறை நனைந்தால் மார்கழி வரை காயாது. ஏற்கனவே கார்பெட் உள்ள வண்டியை வாங்கியிருந்தால் மற்ற எந்த வேலைக்கும் முன்னால் அதை எடுத்து வெளியே போடுங்கள்.

## அலுமினியத் தகடும் கோரைப்பாயும்

இவை இரண்டும் முழுத் தரைக்கு அல்ல, துணைக்கு.

வாசற்படியிலும் அதன் உள்பக்கம் ஒன்றரை அடிக்கும் மேடுபோட்ட அலுமினிய செக்கர் தகடு போட்டுக்கொண்டால், எந்த விரிப்பும் முதலில் கிழியும் இடம் காப்பாற்றப்படும். முழுத் தரைக்கும் போட்டவரின் வண்டியில் ஏறிப் பார்த்தேன். வெறுங்காலுக்கு மேடுகள் குத்தின, மதிய வெயிலில் கால் வைக்க முடியவில்லை. வேதாரண்யம் உப்பளப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் அலுமினியத்துக்கும் கீழே உள்ள இரும்புக்கும் நடுவே ரப்பர் துண்டு வைத்துப் பொருத்துங்கள். இரண்டு உலோகம் உப்பு ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் அரிப்பு வேகமாகும்.

கோரைப்பாய் என் சொந்த விருப்பம். முசிறிப் பக்கம் காவிரிக் கரைக் கோரையில் நெய்யும் பாய் ஒன்றை, நடுவில் நடக்கும் பாதைக்கு மட்டும், வினைல் மேல் விரித்திருக்கிறேன். வினைலின் சூடு காலில் படாமல் இது தடுக்கிறது. இரவில் இறங்கும்போது காலுக்குத் தட்டுப்படுவதால் அம்மா விளக்கில்லாமலே பாதையைக் கண்டுகொள்கிறார். கோயில் வாசலில் நிறுத்தியதும் சுருட்டி வெளியே உதறி, கதவில் சாய்த்து வெயில் காட்டுகிறோம். பூஞ்சை பிடித்தால் வேறு பாய் வாங்கிக்கொள்ளலாம். அடுப்புக்கு அருகில் மட்டும் விரிக்காதீர்கள். வழவழப்பான வினைலில் பாய் நகரும் என்பதால் சொரசொரப்பான பஸ் வினைல் மீதுதான் இது சரிப்படும்.

வீட்டுக்குப் போடுகிற டைல்ஸைப் பற்றியும் ஒருவர் கேட்டார். 6 சதுர மீட்டருக்கு டைல்ஸ் மட்டுமே 120 கிலோவை எட்டும். வண்டி முறுகும்போது இணைப்பு விடும், டைல்ஸ் விரியும். வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | பஸ் வினைல் 2 மி.மீ. | ரப்பர் 3 மி.மீ. | கிளிக் பலகை 4 மி.மீ. | கார்பெட் |
|---|---|---|---|---|
| 6 சதுர மீட்டருக்கு எடை (சுமார்) | 18 கிலோ | 27 கிலோ | 48 கிலோ | 9 கிலோ, நனைந்தால் பல மடங்கு |
| தூக்கிப் பார்க்க | ஓரம் மட்டும் பொருத்தினால் எளிது | மிக எளிது | அரை நாள் | ஒட்டியிருந்தால் கடினம் |
| எண்ணெய்க் கால் | பொடித்துகள் ரகம் தாங்கும் | நாளடைவில் கெடும் | வழுக்கும் | கறை, நாற்றம் |
| வெயில் | ஓரத்தில் இடைவெளி வேண்டும் | நெடி | நீள இடமின்றி உப்பும் | பாதகமில்லை |
| இரைச்சல் | ஓரளவு குறையும் | நன்றாகக் குறையும் | பலகை கிறீச்சிடலாம் | குறையும் |
| யாருக்கு | ஓடுகிற குடும்ப வண்டி | இரைச்சல் மிகுந்த, எண்ணெய் படாத வண்டி | நிறுத்திவைத்த வண்டி | டெல்டாவில் யாருக்கும் இல்லை |

## கடைக்காரர் சொல்லாத செலவு

பழைய விரிப்பை முழுதாக எடுத்துவிட்டுத்தான் புதிதைப் பற்றிப் பேச வேண்டும். பழைய பசையைச் சுரண்டுவதற்கே ஒரு ஆள் கூலி ஆகும். அதன்பின் பிளைவுட்டை ஓர் அடிக்கு ஓர் இடமாக ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கதவோரம், சக்கர மேட்டைச் சுற்றி, தண்ணீர் டேங்க்குக்கு அடியில் என்று மூன்று இடத்திலும் கட்டாயம் பாருங்கள். மெத்தென்று இருக்கிற பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுவது மிச்சம் என்று தோன்றும். ஈரம் அதற்கு அப்பாலும் ஓர் அடியாவது பரவியிருக்கும் என்பதால் முழுப் பலகையையும் மாற்றுவதே நல்லது.

மாற்றும்போது ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை) முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை வாங்குங்கள். எட்டுக்கு நான்கு அடி, 12 மில்லிமீட்டர் பலகை ஒன்று ஏறத்தாழ 25 கிலோ இருக்கும். 65 சதுர அடிக்கு இரண்டு பலகை வேண்டும், சில வண்டிகளுக்கு ஒட்டுத் துண்டும் வேண்டியிருக்கும். மரைன் என்ற பெயரை நம்பி வெட்டிய விளிம்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். பிளைவுட் தண்ணீரைக் குடிப்பது முகப்பால் அல்ல, விளிம்பால். ஸ்க்ரூ துளைகளும் விளிம்புதான். எல்லாவற்றுக்கும் இரண்டு கை பெயின்ட். கீழே உள்ள இரும்பில் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துக் காயவிட்ட பிறகே பலகையை இறக்க வேண்டும். என் வண்டியில் இந்தக் கீழ்வேலைக்கு ஆன செலவு, மேலே போட்ட வினைலின் விலையைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

பாதுகாப்பு பற்றி மூன்று விஷயம். முதலாவது, சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை இருக்கும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் படியும், அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும். புதுத் தரை போடுகிற ஆசாரிக்கு அது ஏதோ பழைய ஓட்டையாகத் தெரியும், அழகாக மூடிவிடுவார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். துளையே இல்லாத வண்டி என்றால் தரையைத் திறந்திருக்கும் இந்த நேரத்தில் போட்டுவிடுங்கள். இரண்டாவது, தரையில் டிரில் போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பிரேக் பைப்பும், டீசல் பைப்பும், ஒயர்களும் அங்கேதான் ஓடுகின்றன. மூன்றாவது, இருக்கையும் சீட் பெல்ட்டும் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி வேறிடத்தில் மாற்றாதீர்கள். தரை விரிப்பை மாற்றுவதால் ஆர்சி புத்தகத்தில் எதுவும் மாறாது. இருக்கைகளின் எண்ணிக்கையை மாற்றினால் மாறும், அதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அலுவலக அனுமதி வேண்டும்.

வேலையைத் தொடங்க மாசி, பங்குனி ஏற்ற மாதங்கள். தை வரை பிளைவுட்டில் ஈரம் இருக்கும், அதன் மேல் எதைப் போட்டாலும் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். பழைய தரையைப் பிரித்த பிறகு வண்டியை நான்கு நாள் வெயிலில் கதவெல்லாம் திறந்து நிறுத்துங்கள். பிளைவுட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஓர் இரவு விட்டு, காலையில் பாருங்கள். தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் இரண்டு நாள் காயட்டும்.